இரண்டு போன், இரண்டு கத்திரி வெயில்

அடிபட்ட வண்டியைப் பார்த்து, எதை மாற்றவேண்டும், எதைத் தட்டிச் சரிசெய்தால் போதும் என்று கணக்குப் போட்டு அறிக்கை கொடுப்பது என் தொழில். இன்ஷூரன்ஸ் சர்வேயர். வேலூரில் வீடு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று ஒரு நாளைக்கு மூன்று நான்கு ஒர்க்‌ஷாப் ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் முப்பது நாற்பது போட்டோ. அதற்கு மேல் ஆர்சி, லைசென்ஸ், எஸ்டிமேட் என்று பிடிஎஃப்கள். முன்பெல்லாம் கேமரா தனி, டைரி தனி. இப்போது எல்லாமே போன்தான். போன் மக்கர் பண்ணினால் அன்றைக்கு எனக்குப் பிழைப்பு இல்லை.

பத்து வருடத்துக்கு மேல் ஆண்ட்ராய்டுதான் வைத்திருந்தேன். கடைசியாக வாங்கியது 2021இல். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, 5000 எம்ஏஎச் பேட்டரி. கம்பெனி பெயர் வேண்டாம், அந்த விலையில் எல்லாக் கம்பெனியும் ஏறக்குறைய அதையேதான் விற்றார்கள். 2024 தொடக்கத்தில் மகள் புது போன் வாங்கினாள். கையில் இருந்த ஐபோன் எக்ஸ்ஆரைத் துடைத்து, "அப்பா, இதை வேலைக்கு வெச்சுக்கோங்க, சும்மா டிராயர்லதான் கிடக்கும்" என்று கொடுத்தாள். 2018ஆம் வருட மாடல். எங்கள் நெடுஞ்சாலையிலேயே சென்னை போகும் வழியில் இருக்கிற ஸ்ரீபெரும்புதூரில் பிற்பாடு இதை அசெம்பிள் செய்தார்கள். அதனால் எனக்கு இது கொஞ்சம் ஊர்ப் பிள்ளை மாதிரி.

அன்றிலிருந்து சட்டைப் பையில் ஒன்று, பேண்ட் பையில் ஒன்று. இரண்டு கத்திரி வெயில் தாண்டியாகிவிட்டது. "சார், ஐபோன் நல்லதா, ஆண்ட்ராய்டு நல்லதா?" என்று ஒர்க்‌ஷாப் பையன்கள் கேட்கும்போதெல்லாம் ஒரு வரியில் பதில் சொல்ல வராமல் விழிக்கிறேன். ஏனென்றால் நான் ஐபோனின் குணம், ஆண்ட்ராய்டின் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்த பாதிக்கு மேற்பட்டவை, கடைசியில் பேட்டரியின் குணமாக இருந்தன.

வேகத்திலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பானெட்டைத் தூக்கிப் பிடிக்கும் கம்பி உடைந்த ஒரு கார். ஒர்க்‌ஷாப் பையன் ஒருவன் பானெட்டைக் கையாலேயே தாங்கிக்கொண்டு நிற்கிறான். உள்ளே இருட்டு, கிரீஸ் படிந்த தகட்டில் சேஸிஸ் நம்பர். அதன் மேல் விரலால் தேய்த்துவிட்டுப் படம் எடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டை எடுக்கிறேன். கேமரா பட்டனைத் தொடுகிறேன். கறுப்புத் திரை. காத்திருக்கிறேன். "சார், கை வலிக்குது" என்கிறான். கேமரா திறந்து, ஃபோகஸ் பிடித்து, ஒரு படம் எடுத்து, அது சேமிப்பில் ஏறுவதற்குள் அடுத்த தொடுதலை அது கண்டுகொள்ளவே இல்லை. எக்ஸ்ஆரில் அதே வேலை, பையில் இருந்து எடுக்கும்போதே பாதி முடிந்த மாதிரி. இத்தனைக்கும் எக்ஸ்ஆரில் இருப்பது 3 ஜிபி ரேம்தான். என் ஆண்ட்ராய்டில் 4.

ரேம் கணக்கைப் பார்த்துப் போன் வாங்கும் பழக்கம் எனக்கு அன்றோடு போயிற்று. வித்தியாசம் சேமிப்பில் இருக்கிறது. குறைந்த விலை ஆண்ட்ராய்டுகளில் இஎம்எம்சி என்ற வகைச் சேமிப்பு இருக்கும். ஒரு நேரத்தில் அது படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. ஒற்றை வழிப் பாலம் மாதிரி. எதிரில் லாரி வந்தால் இந்தப் பக்கம் நின்றாக வேண்டும். கொஞ்சம் விலை கூடிய ஆண்ட்ராய்டுகளில் வரும் யூஎஃப்எஸ் வகையில் இரு பக்கமும் போக்குவரத்து நடக்கும். ஐபோன்களில் 2015இல் வந்த 6எஸ் முதலே வேகமான சேமிப்புதான். ஆக, நான் ஐபோனையும் ஆண்ட்ராய்டையும் ஒப்பிடவில்லை, அகலமான பாலத்தையும் குறுகலான பாலத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். யூஎஃப்எஸ் உள்ள ஆண்ட்ராய்டை என் தம்பி வைத்திருக்கிறான். அதையும் எக்ஸ்ஆரையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தால் கேமரா திறப்பதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அந்தக் குறுகிய பாலத்திலும் நானே மாட்டைக் கட்டி வைத்திருந்தேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 64 ஜிபியில் 61 நிரம்பியிருந்தது. இந்தச் சேமிப்புச் சில்லுகள் எழுதுவதற்கு முன் காலி இடம் தேடி, பழையதை அழித்து, ஒதுக்கி வைக்கும். காலி இடமே இல்லாவிட்டால் கல்யாண வீட்டுச் சமையலறை மாதிரி, ஒரு பாத்திரத்தை வைக்க நாலு பாத்திரத்தை நகர்த்த வேண்டும். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ் போய், சேமிப்பை நிர்வகிக்கும் இடத்தைத் திறந்தால் எந்தக் குழு எத்தனை ஜிபி தின்றிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். எங்கள் குடும்பக் குழுவின் காலை வணக்கப் படங்களும், யாரோ பாடின பாட்டு வீடியோக்களும் மட்டும் 11 ஜிபி. பெரியம்மாவிடம் சொல்லவில்லை. அழித்துவிட்டேன். தானாக டவுன்லோட் ஆவதையும் நிறுத்தினேன். பதினைந்து ஜிபி காலியானதும் அந்தப் போன் வாங்கின முதல் வருடத்துக்குத் திரும்பின மாதிரி இருந்தது.

இன்னொரு சின்ன வித்தை. ஆண்ட்ராய்டில் 'அபௌட் போன்' பகுதிக்குப் போய் 'பில்டு நம்பர்' என்ற வரியை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அங்கே அனிமேஷன் அளவு என்று மூன்று வரிகள் இருக்கும். ஒன்று என்பதை அரை ஆக்கிவிடுங்கள். போனின் உண்மையான வேகம் ஒரு துளியும் கூடாது, ஆனால் திரைகள் சறுக்கி வரும் நேரம் பாதியாகும். கண்ணுக்கு அதுவே வேகம். வேறு எதையும் அங்கே தொட வேண்டாம்.

செய்யக்கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நான் வருடக்கணக்கில் செய்தது. ரேம் கிளீனர், பூஸ்டர் என்று வரும் ஆப்கள். அப்புறம் எப்போது பார்த்தாலும் திறந்திருக்கும் ஆப்களை விரலால் மேலே தள்ளித் தள்ளி மூடுவது. இரண்டு போனிலும் பின்னணியில் இருக்கும் ஆப் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். மூடிவிட்டு மறுபடி திறந்தால்தான் முதலிலிருந்து எழுந்து வர வேலையும் பேட்டரியும் செலவாகிறது.

சரி, பயன்படுத்தும் வசதி. இதில் நான் ஆண்ட்ராய்டு கட்சி. முப்பது போட்டோவை எடுத்தோமா, கேபிளைச் செருகினோமா, லேப்டாப்பில் போல்டரைத் திறந்து காப்பி போட்டோமா என்று இருக்கும். ஐபோனில் முதல் வாரமே ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று. எடுத்த படங்களை கிளெய்ம் போர்ட்டலில் ஏற்றினால் ஒன்றைக்கூட ஏற்றுக்கொள்ளவில்லை. நெட் சரியில்லையோ என்று மாடிக்கெல்லாம் ஏறி இறங்கினேன். ராத்திரி மகள்தான் போனில் சொன்னாள். 2017இலிருந்து ஐபோன்கள் எச்இஐசி என்ற வடிவில் படத்தைச் சேமிக்கின்றன, இடம் மிச்சமாகும். பல பழைய வலைத்தளங்களுக்கு அது புரியாது. செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வழக்கமான ஜேபெக் ஆகிவிடும். அரசாங்க விண்ணப்பம், வேலை விண்ணப்பம் என்று படம் ஏற்றுகிறவர்கள் ஐபோன் வாங்கின அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

என் மனைவிக்கு இரண்டு நாள் எக்ஸ்ஆரைக் கொடுத்துப் பார்த்தேன். "ஏங்க, உள்ள போறதுக்கு வழி இருக்கு, வெளிய வர்றதுக்கு வழியே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆண்ட்ராய்டில் திரையின் இடது, வலது எந்த ஓரத்திலிருந்து இழுத்தாலும் பின்னால் போகும். எக்ஸ்ஆரில் இடது ஓரம்தான், அதுவும் எல்லா ஆப்பிலும் ஒரே மாதிரி இல்லை.

தமிழ் தட்டச்சில் இரண்டும் இப்போது சரிக்குச் சரி. ஆண்ட்ராய்டின் ஆரம்ப நாட்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தது ஞாபகம் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்ஸில், 2013இல் வந்த ஐஓஎஸ் 7இலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் போனுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்று கிரீஸ் கையோடு, "முன் பம்பர் இடது பக்கம் விரிசல்" என்று வாயால் சொல்லி எழுத வைக்கிறவன். அதில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு எனக்குப் பழகிப்போயிற்று, என் வடார்க்காட்டுப் பேச்சை ஓரளவு புரிந்துகொள்கிறது.

இரண்டு சிம் விஷயத்தையும் யோசிக்க வேண்டும். இந்தியாவில் விற்ற எக்ஸ்ஆரில் ஒரு சிம் அட்டைதான் போகும், இரண்டாவது நம்பர், அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இசிம்மாக இருக்கவேண்டும். போன் கீழே விழுந்து திரை போனால், அட்டையாக இருக்கும் நம்பரைக் கழற்றி வேறு போனில் போட்டு இரண்டு நிமிடத்தில் பேசலாம். இசிம் அப்படி வராது. அதனால் பேங்க் ஓடிபி வரும் நம்பரை நான் அட்டையாகவே வைத்திருக்கிறேன்.

ஆண்ட்ராய்டில் என்னைக் கடுப்பேற்றிய ஒன்று உண்டு. அதுவும் பேட்டரியில்தான் போய் முடிகிறது. பேட்டரி நிறைய நேரம் நிற்கிறது என்று காட்டுவதற்காகப் பல கம்பெனிகள் பின்னணி ஆப்களை ஈவிரக்கமில்லாமல் தூங்கவைக்கும். ஆம்பூரில் ஒரு வண்டியைப் பிரித்துவிட்டு "சார், வந்து பாருங்க" என்று காலையில் அனுப்பிய செய்தி, நான் மத்தியானம் போனைத் திறந்த பிறகுதான் டிங் என்று அடித்தது. அவ்வளவு தூரம் இரண்டு தடவை போனேன். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்து, ஆப் விவரம், பேட்டரி என்று போய் 'அன்ரிஸ்ட்ரிக்டட்' என்று வைத்தால் இந்தத் தொல்லை குறையும். வாட்ஸ்அப், அலாரம், பேங்க் ஆப், சர்க்கரை அளவு பார்க்கும் கருவியின் ஆப் இருந்தால் அதுவும். மற்றவை தூங்கட்டும்.

இப்போது வெயிலுக்கு வருகிறேன்.

வேலூர்க் கத்திரி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிள் நிறுவனமே ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையுள்ள இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. மே மாதத்தில் எங்கள் ஊரில் 35 டிகிரி என்றால் விடியற்காலைக்குப் பக்கத்தில் எங்காவது தேடவேண்டும். முதல் கத்திரியில் எக்ஸ்ஆரை பைக்கின் ஹேண்டில்பார் ஹோல்டரில் மாட்டி, மேப் போட்டு, பைக்கின் யுஎஸ்பியில் சார்ஜும் ஏற்றிக்கொண்டு வாணியம்பாடிக்குக் கிளம்பினேன். பள்ளிகொண்டா தாண்டி இருக்கும், திரை மங்கியது. அப்புறம் கறுத்து, ஆறவேண்டும் என்று சொல்லி ஒரு தெர்மாமீட்டர் படம். அவசர அழைப்பைத் தவிர எதுவும் இல்லை. புளியமரத்தடியில் நிறுத்தி, போனைக் கழற்றி நிழலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தப்பு என்னுடையது. மேல் வெயில், கீழே எஞ்சின் சூடு, உள்ளே சார்ஜ், திரை முழு வெளிச்சம், ஜிபிஎஸ். எந்தப் போனும் தாங்காது.

மறுவாரம் வேண்டுமென்றே ஆண்ட்ராய்டை அப்படிக் கொண்டுபோனேன். அது எச்சரிக்கைப் படம் எதுவும் காட்டவில்லை. திரை மங்கியது, சார்ஜ் ஏறுவது நின்றது, மேப்பின் அம்பு திக்கித் திக்கி நகர்ந்தது, கேமரா திறக்க மறுத்தது. அதாவது இரண்டும் செய்வது ஒரே வேலைதான், சூடு கூடினால் பிராசசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. ஐபோன் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லும். என் ஆண்ட்ராய்டு சொல்லாமல் மெதுவாகும். "போன் ஹேங் ஆகுது சார்" என்று மே மாதத்தில் புலம்புகிறவர்களில் பலருக்குப் போனில் கோளாறே இல்லை, காய்ச்சல்தான். சூடான போனை ஃபிரிட்ஜில் வைக்கிற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே ஈரம் கோக்கும், வேண்டாம். கவரைக் கழற்றி, சார்ஜை நிறுத்தி, ஃபேன் காற்றில் வைத்தால் போதும்.

ஹோல்டர் பற்றிக் கூடுதலாக ஒன்று. சக்தி வாய்ந்த பைக் எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவின் ஆட்டம் தாங்கும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அந்த அமைப்பு உள்ள எந்தப் போனுக்கும் இது பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. படம் எடுத்துப் பிழைப்பவன் நான். இப்போது போன் பையில், காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்போன், மேப் வாயால் வழி சொல்கிறது.

வெயிலுக்கு நேர்மாறாகக் குளிர் ஒரு பாடம் சொன்னது. அந்த வருடம் டிசம்பரில் குடும்பத்தோடு ஊட்டி. விடிகாலையில் புல்வெளி மேல் பனி படிந்திருக்க, அதைப் படம் எடுக்க எக்ஸ்ஆரை நீட்டினேன். 34 சதவீதம் சார்ஜ். ஒரு படம் எடுத்ததும் அணைந்துவிட்டது. அறைக்கு வந்து கம்பளிக்குள் வைத்து, சார்ஜில் போட்டு உயிர் வந்ததும் அதே பழைய சதவீதத்துக்குப் பக்கத்தில் காட்டியது. கூடவே பேட்டரிப் பகுதியில் ஒரு செய்தி. தேவையான உச்ச சக்தியைப் பேட்டரியால் தர முடியாததால் போன் அணைந்தது, இனி அப்படி ஆகாமல் இருக்கச் செயல்வேகம் கட்டுப்படுத்தப்படும் என்பது அதன் சாரம். பேட்டரி ஹெல்த், அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் மிச்சம் இருப்பது, 78 சதவீதம். ஆறு வருடத்துக்கு முந்தைய மாடல் போன், மகள் ஒரு தடவைகூடப் பேட்டரி மாற்றியதில்லை. அப்படியிருக்க இது ஆச்சரியமே இல்லை.

அங்கேதான் எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது. பேட்டரி வயதாக ஆக அதன் உள் மின்தடை கூடுகிறது. குளிரில் இன்னும் கூடும். கேமராவோ கேமோ திடீரென்று நிறைய மின்சாரம் இழுத்தால், மின்னழுத்தம் சடாரென்று இறங்கிப் போன் அணைந்துவிடும். வயலில் பழைய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வீட்டு பல்ப் ஒரு நொடி மங்குமே, அதே கதை. அணையாமல் இருக்க வேண்டுமானால் இழுப்பைக் குறைக்க வேண்டும், அதாவது போனை மெதுவாக்க வேண்டும். இதைத்தான் ஆப்பிள் 2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 மூலம் ஐபோன் 6, 6எஸ் வரிசையில் சொல்லாமல் செய்தது. டிசம்பரில் அது வெளியே வந்தது, மன்னிப்புக் கேட்டார்கள். அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணத்தை 29 டாலராக்கினார்கள். 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3இல்தான் இந்த பேட்டரி ஹெல்த் பக்கமே வந்தது. பிரான்ஸில் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதமும் போட்டார்கள். செய்ததில் தொழில்நுட்ப நியாயம் இருந்தது, சொல்லாமல் செய்தது தப்பு என்பது என் கட்சி. பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் வந்துவிடும் என்று தெரியாமல் எத்தனை பேர் போனையே மாற்றியிருப்பார்கள்!

வேலூர் வந்ததும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பேட்டரி மாற்றினேன். அந்தப் பணத்துக்கு மனசு வரவில்லைதான். ஆனால் மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் வித்தியாசம் கையில் தெரிந்தது. ஐஓஎஸ் 26 இந்த மாடலுக்கு வராது என்று 2025இல் அறிவித்துவிட்டார்கள். இருந்தும் ஏழு வருடம் அப்டேட் வந்த போன். ஆண்ட்ராய்டிலும் 2023 இறுதியிலிருந்து கூகுளின் பிக்சல் 8, அடுத்து சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 என்று ஏழு வருட வாக்குறுதி தர ஆரம்பித்துவிட்டார்கள். விலை கூடிய மாடல்களில் மட்டும்தான், என் ரகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆண்ட்ராய்டின் பேட்டரியும் அதற்குள் களைத்துவிட்டது. ஐபோனுக்கு அவ்வளவு செலவு செய்ததால், இதற்குச் சிக்கனம் பிடிக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்னக் கடையில் நுழைந்தேன். "ஒரிஜினல் வேணுமா அண்ணா, காப்பி வேணுமா?" என்று கேட்டான் பையன். மறைக்கவே இல்லை. "காப்பியே போடுப்பா" என்றது நான்தான். மேலே கம்பெனி பெயர் அச்சடித்த, எழுத்து கொஞ்சம் கோணலான ஒரு பேட்டரி. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஐந்தாவது மாதம், ஏப்ரல் கடைசி. போனை மேஜை மேல் வைத்தால் ஒரு பக்கம் லேசாக ஆடியது. மேஜை சரியில்லை என்று நினைத்தேன். அடுத்த வாரம் திரையின் நடுவில் அழுத்தினால் ஓரத்தில் வெளிச்சம் கசிந்தது. பக்கவாட்டில் பார்த்தால் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு நகம் நுழையும் இடைவெளி. போனை மேஜைமேல் குப்புற வைத்துச் சுற்றிவிட்டேன், பம்பரம் மாதிரிச் சுற்றியது. உள்ளே பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

லித்தியம் அயான் பேட்டரிக்குள் இரண்டு தகடுகள், நடுவே தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் திரை, எளிதில் தீப்பிடிக்கும் ஒரு கரைசல். சூடும் அதிகச் சார்ஜும் அந்தக் கரைசலைச் சிதைத்து வாயுவாக்கும், பை உப்பும். நடுத்திரை கிழிந்து இரண்டு தகடும் தொட்டுக்கொண்டால் ஷார்ட் ஆகி, சூடு சூட்டை வளர்த்து, நிறுத்த முடியாமல் எரியும். அதனால் உப்பின பேட்டரியை ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது, அழுத்தித் திரையை மூடுவது, "இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும்" என்று சார்ஜ் போடுவது மூன்றும் கூடவே கூடாது. நான் போனை அணைத்து, மகன் பழைய அகன்ற மண்சட்டியில் ஆற்று மணல் கொண்டுவர, அதில் வைத்து மொட்டைமாடி நிழலில், துணிமணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்தேன். மறுநாள் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு அந்தச் சட்டியோடேயே கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்த பெண் முதலில் சட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளே பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பேட்டரியைக் கழற்றி அவர்களே வைத்துக்கொண்டார்கள். குப்பைத் தொட்டியில் போட்டால் குப்பை லாரியின் அழுத்தத்தில் தீப்பிடிக்கலாம்.

இதைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர் சொன்னது: "ஆண்ட்ராய்டுனாலே அப்படித்தான், வெடிக்கும்." இல்லை. 2016இல் சாம்சங் நோட் 7 விஷயத்தை நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட்டில் வந்தது, செப்டம்பரில் திரும்பப் பெற்றார்கள், மாற்றிக் கொடுத்ததும் எரிந்ததால் அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தினார்கள். 2017 ஜனவரியில் காரணத்தைச் சொன்னார்கள். இரண்டு வெவ்வேறு சப்ளையர்களின் பேட்டரிகள், இரண்டிலும் வெவ்வேறு குறை. ஒன்றில் மூலையில் தகடு வளைந்திருந்தது, இன்னொன்றில் வெல்டிங் பிசிறு. ஆண்ட்ராய்டுக்கு அதில் பங்கே இல்லை, அதே ஆண்ட்ராய்டு அன்றைக்குக் கோடிக்கணக்கான போன்களில் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதே செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்த இண்டிகோ விமானத்தில், மேலே பை வைக்கும் இடத்தில் ஒரு பழைய நோட் 2 புகைந்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அங்கேயும் பேட்டரிதான்.

ஐபோனுக்குள்ளேயும் அதே லித்தியம்தான் இருக்கிறது. ஒரு வித்தியாசத்தை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். எக்ஸ்ஆரிலோ அதற்குப் பிந்தைய ஐபோன்களிலோ வேறு பேட்டரி போட்டால், அது அசல்தானா என்று உறுதி செய்ய முடியவில்லை என்று போனே காட்டிக்கொடுத்துவிடும். செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் போய்ப் பாருங்கள். பழைய ஐபோன் வாங்குகிறவர்கள் பணத்தை எண்ணுவதற்கு முன் பார்க்க வேண்டிய பக்கம் அது. என் ஆண்ட்ராய்டு கோணல் எழுத்து பேட்டரியை ஐந்து மாதம் வாய் திறக்காமல் சுமந்தது.

சார்ஜரைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான். 2020இல் ஐபோன் 12 பெட்டியிலிருந்து சார்ஜர் காணாமல் போனதிலிருந்து மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள். அதனால் வீட்டில் ஊர் பேர் தெரியாத சார்ஜர்கள் பெருகிவிட்டன. ரயிலடியில் நூறு ரூபாய்க்கு வாங்கின ஒன்றை மாட்டி எக்ஸ்ஆரில் தட்டச்சு செய்தபோது, தொடாத எழுத்தெல்லாம் தானாக விழுந்தது. திரை போயிற்று என்று நினைத்துப் பயந்தேன். பிளக்கைப் பிடுங்கியதும் சரியாகிவிட்டது. சார்ஜரின் அழுக்கு மின்சாரம் தொடுதிரையைக் குழப்பியிருக்கிறது. திரையைக் குழப்பும் சார்ஜர், 230 வோல்ட்டுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் என்ன பாதுகாப்பு வைத்திருக்கும் என்று யோசித்துப் பார்த்துத் தூக்கிப் போட்டேன். இந்தியாவில் போன் சார்ஜருக்கு பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு கட்டாயம். அடியில் பிஐஎஸ் முத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்க எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யாருக்குக் கொடுத்த பதிவு என்று வந்துவிடும். கடையிலேயே நின்று பார்க்கலாம். நான் பார்ப்பதைப் பார்த்து ஒரு கடைக்காரர், "அண்ணா, அது வேணாம், இதை எடுத்துக்குங்க" என்று தானாகவே வேறு டப்பாவை நீட்டினார்.

வேகமாகச் சார்ஜ் ஏறுவது ஆபத்தா என்று கேட்கிறார்கள். ஆண்ட்ராய்டுகளில் 67 வாட், 120 வாட் என்று வருகிறது, ஐபோன்கள் நிதானமாகவே போகின்றன. அந்தப் போனோடு வந்த அதே சார்ஜர், அதே கேபிள் என்றால் போனும் சார்ஜரும் பேசிக்கொண்டு சூட்டைப் பார்த்துத்தான் ஏற்றும். நான் பயப்படுவது வாட்டுக்கு அல்ல, சூட்டுக்கு. முழுச் சார்ஜில் சூடாக வைத்திருப்பதுதான் பேட்டரியை வேகமாகக் கிழவனாக்கும். ஐபோன் 15 முதலும் பல ஆண்ட்ராய்டுகளிலும் 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கிறது, மேஜையிலேயே வேலை செய்பவர்கள் போட்டுக்கொள்ளலாம். எக்ஸ்ஆரில் அது இல்லை. ராத்திரி 80இல் நின்று விடியும் நேரத்துக்கு 100 ஆக்கும் வசதி மட்டும் உண்டு. எனக்கு அது போதும்.

வீட்டில் மாமியார்தான் பெரிய சவால். போனைச் சார்ஜில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அதில் பிரசங்கம் கேட்டபடியே தூங்கிவிடுவார். இலவம்பஞ்சு மெத்தை. சூடு வெளியேற வழியே இல்லை. "அத்தை, அப்படி வைக்காதீங்க" என்று எத்தனையோ தடவை சொன்னேன். "எத்தனை வருஷமா வெச்சுட்டு இருக்கேன் மாப்பிள்ளை" என்பார். உப்பின பேட்டரியை மண்சட்டியில் பார்த்த அன்றைக்குத்தான் அடங்கினார். சமையல் மேடையில் கடப்பைக்கல் மேல், கேஸ் அடுப்புக்கு எதிர்க் கோடியில், ஒரு பிளக் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் எல்லார் போனும் இப்போது அங்கேதான், பக்கத்தில் எதுவும் இல்லாமல். பிளக்குக்கு மேலேயே ஸ்விட்ச் இருக்கிறது. புகை வந்தால் முதலில் அதை அணைக்க வேண்டும், கரண்ட் போன பிறகு வாளித் தண்ணீரை நிறைய ஊற்றிச் சூட்டை அடக்க வேண்டும் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ராத்திரி ஒரு மணி இருக்கும். மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய அறிக்கை, எக்ஸ்ஆரைச் சார்ஜில் போட்டபடியே கட்டிலில் உட்கார்ந்து போட்டோக்களைப் பிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்த மாமியார் கதவைத் தட்டி என் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மாப்பிள்ளை போன் மெத்தை மேல கிடக்குது பாரு. எடுத்துட்டுப் போய் மேடையில வை."